கிரெச்கா உறங்கிய தொப்பி

"ஐயோ… கோட்டுக்குள்ள என்னமோ இருக்கு! கடிக்குது!"

பல் மருத்துவமனையில் கோட்டு வாங்கி வைக்கும் அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கத்தியவன் சின்ன ஆள் இல்லை. நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம், கதவை அடைக்கிற தோள். ஆட்டுத்தோல் கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு, இன்னொரு கையை உதறியபடி அவன் குதித்துக்கொண்டிருந்தான்.

தைஸியா அவனைப் பார்த்தாள். பிறகு தன் கோட்டைப் பார்த்தாள். உள்பை காலி!

நோன்புக்கு முந்தின மாஸ்லெனித்ஸா விருந்து வாரத்தின் முதல் நாள் அது. யாரஸ்லாவ்ல் நகரமே பிளினி என்கிற மெல்லிய அப்பம் சுட்டுத் தின்று, பல்லைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து நின்றது. ஒரு கொக்கிக்கு இரண்டு கோட்டு. தொப்பியைக் கோட்டின் கைக்குள் திணித்துத்தான் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுத்துத் தொலைந்தால், கோட்டு வாங்கி மாட்டுகிற கிளாவ்தியா அக்கா பொறுப்பில்லை. அந்தக் கிளாவ்தியா அக்கா, தைஸியாவின் கோட்டையும் இந்த மலைமாட்டின் கோட்டையும் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தாள். உள்பையில் படுத்திருந்த நாய்க்குட்டிக்குப் பக்கத்துக் கோட்டின் கையில் ரோமத் தொப்பி தெரிந்துவிட்டது. கதகதப்பு எங்கே இருந்தாலும் அங்கே போய்ச் சேர்வது அந்த ஜாதிக்குப் பிறவிக் குணம்.

"என் ஹுட்டி! ஹுடுங்க!" என்றாள் தைஸியா. கடைவாய்ப் பல் பிடுங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பாதி வாய் மரத்துப்போய், பஞ்சு வேறு.

"என்னம்மா சொல்றீங்க?"

தைஸியா பஞ்சைத் துப்பினாள். பக்கத்தில் போய் அவன் கோட்டின் கையைக் கவிழ்த்தாள். ரோமத் தொப்பி வழுக்கி விழ, அவள் இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். தொப்பிக்குள் இருந்து ஒரு காது நிமிர்ந்து வந்தது. மடங்கிக் கிடந்த இன்னொரு காதைப் பிளாஸ்திரி போட்டு நிறுத்தியிருந்தாள். கீழே இரண்டு பெரிய கண்கள். ஒரு கிலோகூட இல்லாத அந்த உருவம் அவனைப் பார்த்து உறுமியது.

"எலி!" என்றான் அவன்.

அவ்வளவுதான். தைஸியாவுக்கு வாய் மரத்துப்போனது மறந்துபோனது.

"எலியா? டாய் டெரியர்! இவ பரம்பரைக்கு மூணு தலைமுறை வரைக்கும் காகிதம் இருக்கு!"

"காகிதத்துல பொட்டலம் கட்டித்தான் குடுப்பாங்களா? அதுக்குமேல உருவம் இல்லியே."

"உங்க உடம்பு அளவுக்கு மூளையும் வளர்ந்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க!"

"இந்தாங்க, கடிச்சது உங்க… நாய்தானே அது? ரத்தம் வருது பாருங்க!"

வந்திருந்தது ஒரே ஒரு பொட்டு. பால் பல்லின் வேலை. அந்தப் பெரிய விரலை அவன் குழந்தை மாதிரி நீட்டிக் காட்டினான். அவன் கண்கள் சாம்பல் நிறம்… பனி கரைகிற நாளில் வோல்கா ஆற்றுக்கு இருக்கும் நிறம்… 'சீ, இதை எதுக்கு நான் கவனிக்கிறேன்?'

கோட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் கவனித்தாள். குட்டியை மட்டும் அல்ல, தொப்பியையும் சேர்த்துக் கொண்டு வந்துவிட்டாள். தொப்பியைப் பிரிக்கப் பார்த்தாள். கிரெச்கா பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கஞ்சிக்குப் போடுகிற கிரெச்கா தானியத்தின் அதே பழுப்பு நிறம். அதனால் அதுவே பெயர். பிறந்தபோது தீப்பெட்டி அளவு. தாய்ப்பாலை உறிஞ்சத் தெம்பில்லை. "இது தங்காதுடி" என்று அம்மா ரிம்மா கைவிட்டபோது, பத்தொன்பது நாள், இரண்டு மணிக்கொரு தரம், சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டியவள் தைஸியா. பன்னிரண்டு மீட்டர் டிராலிபஸ்ஸை உறைபனித் தெருவில் ஒற்றைக் கையால் திருப்புகிறவள், அந்தப் பத்தொன்பது நாளும் கை நடுங்கித்தான் சொட்டு விட்டாள்.

ஆனால் ரிம்மாவின் வீட்டில் சட்டம் ஒன்று உண்டு. வளர்ந்த நாய் மூன்று, நான்காவது கிடையாது. குட்டிகள் மூன்று மாதம் நிறைவதற்குள் நல்ல குடும்பத்துக்குப் போய்விட வேண்டும். அதற்குமேல் போனால் ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும், புது வீட்டில் சோறு இறங்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குட்டி போனதற்குத் தைஸியா இரண்டு வாரம் அழுது, "இனிமே அழமாட்டேன். எதையும் வச்சுக்கலாமானு கேக்கவும் மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கைவிட வீம்பு அதிகம் அவளுக்கு. கிரெச்காவுக்கு வரும் ஞாயிறோடு மூன்று மாதம்.

இதுவரை அதை வாங்க வந்தவர்களை ரிம்மாவே துரத்திவிட்டாள். ஒருத்தி கைப்பை நிறத்துக்குப் பொருத்தமாக நாய் கேட்டாள். இன்னொரு வீட்டில் இரண்டு வயதுப் பையன் பூனையை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஒவ்வொருவர் போகும்போதும் தைஸியா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சிரித்தாள்.

மறுநாள் காலை, ஒன்பதாம் எண் டிராலிபஸ். ஈரப்பனி கண்ணாடியில் வந்து அப்பியது. நிறுத்தத்தில் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தனியாக நின்றது. தலையில் இளஞ்சிவப்புக் கம்பளிக் குல்லா… உச்சியில் பஞ்சு உருண்டை வேறு!

தைஸியா சிரிப்பை அடக்குவதற்குள் அவன் ஓட்டுநர் ஜன்னலைத் தட்டினான்.

"என் தொப்பி!"

"இப்ப போட்டிருக்கறதே நல்லாத்தான் இருக்கு."

"இது என் அக்கா பொண்ணோடது. அவளுக்கு ஏழு வயசு. காலையில இருந்து அழுதுட்டிருக்கா."

"அழத்தான் செய்வா. இழுத்துப் பெருசாக்கிட்டீங்களே!"

வண்டிக்குள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு கிழவர், "கொடுத்துடும்மா, காது உறைஞ்சா அப்புறம் நீ பேசறது அவருக்குக் கேக்காது" என்றார்.

"யாரு எங்க இருக்கீங்கனு ஊரெல்லாம் தேடினேன். ஒன்பதாம் எண் ஓட்டறீங்கனு அந்தக் கோட்டு வாங்கற அக்காதான் சொன்னாங்க. பேரு தெம்யான். அடுப்பு கட்டற வேலை" என்றான் அவன் மூச்சு வாங்க.

நான் பெயர் கேட்டேனா என்று சொல்ல வாயெடுத்தவள், தன் விலாசத்தைச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு ஆறு மணி. வாசல்ல வாங்கிட்டுப் போங்க. ஏறறீங்களா, கதவைச் சாத்தட்டா?"

அவன் ஏறவில்லை. அடுத்த நிறுத்தம் வரைக்கும் அந்த இளஞ்சிவப்பு உருண்டை பக்கக் கண்ணாடியில் ஆடிக்கொண்டே சின்னதாகிக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கு அழைப்பு மணி. வளர்ந்த நாய் மூன்றும் ஒரு குட்டியும் சேர்ந்து குரைத்தால் கட்டடமே பயப்படும். நாலும் சேர்ந்தாலும் ஒரு தர்ப்பூசணி எடைதான். தைஸியா கதவைத் திறந்து, உள்ளே நின்றபடியே தொப்பியை நீட்டினாள்.

"இந்தாங்க."

அடுப்படியிலிருந்து ஒரு அலறல். "அடியே! நிலைப்படிக்கு மேல குடுக்காதே! சண்டை வரும்!" மாவுக் கரண்டியோடு ரிம்மா ஓடி வந்தாள். அவனை அண்ணாந்து பார்த்தாள். "உள்ள வாங்க தம்பி. குட்டி பாக்கத்தானே வந்தீங்க?"

"இல்லீங்க, நான் தொப்பி…"

"முதல்ல பூட்ஸைக் கழட்டிட்டு வீட்டுச் செருப்பு மாத்துங்க."

வீட்டிலிருந்த செருப்புகளிலேயே பெரியது அவன் பாதத்தில் பாதிக்குத்தான் வந்தது. குதிகால் தரையில் உரச அவன் அடுப்படிக்குள் நடந்தான். மேஜையில் பிளினி அடுக்கில் ஆவி பறந்தது, பக்கத்தில் புளித்த பாலாடை. மாஸ்லெனித்ஸா புதன் மருமகனுக்கு மாமியார் பிளினி சுட்டுப் போடுகிற நாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டே சொல்லுங்க" என்றாள் ரிம்மா. "வீட்டுல குழந்தைங்க?"

"இல்லீங்க. அக்கா பொண்ணு மட்டும் ஞாயித்துக்கிழமை வரும்."

"கட்டில் எவ்வளவு உயரம்?"

தெம்யான் மென்றுகொண்டே யோசித்தான். "கட்டிலே இல்ல. எனக்கு எந்தக் கட்டிலும் பத்தாது. தரையில மெத்தை போட்டுப் படுத்துக்கறேன்."

ரிம்மாவின் கண்கள் விரிந்தன. "தரையிலயா! பாத்தியாடி? இந்தக் குட்டிங்களுக்குக் கால் எலும்பு தீக்குச்சி மாதிரி தம்பி. சோபாவுல இருந்து குதிச்சாலே ஒடிஞ்சுரும். சரி, பகல்ல யார் இருப்பா?"

"மார்ச்ல வேலை கம்மி. நான்தான் இருப்பேன். மத்த நாள்லயும் வேலைக்குக் கூட்டிட்டுப் போலாம்…"

"வீடு சூடா இருக்குமா?"

"நான் அடுப்பு கட்டறவன்மா."

ரிம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். குட்டி வளர்த்துக் கொடுக்கிற அவளுடைய முப்பது வருட வேலையில் இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை.

தைஸியாவுக்கு உள்ளே ஏதோ சரிந்தது. 'இல்லை… இல்லை… இவன் தேறிவிடுவான் போலிருக்கே!'

"அம்மா, இவர் கிரெச்காவை எலினு சொன்னார்" என்றாள் அவசரமாக.

"கடிச்ச ஆத்திரத்துல சொன்னேன்" என்றான் அவன்.

"கையைப் பாரும்மா! மண்வெட்டி கணக்கா இருக்கு. ஒரு கையால நசுக்கிடுவார்!"

தெம்யான் தன் கைகளைப் பார்த்தான். பிறகு மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டான். அவன் காது சிவந்ததைப் பார்த்ததும், சொன்னதை அப்படியே திரும்ப விழுங்கிவிட மாட்டோமா என்று தைஸியாவுக்கு இருந்தது. ஆனால் அவள் விழுங்குகிற ஆள் இல்லை.

அந்த நேரத்தில் கிரெச்கா கூடையிலிருந்து இறங்கியது. மேஜைக்கு அடியில் போனது. மறைத்து வைத்திருந்த அந்தக் கைகளில் ஒன்றை முகர்ந்து பார்த்து, உள்ளங்கையில் ஏறி, சுருண்டு படுத்துக்கொண்டது. அவன் மூச்சுவிடக்கூட பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தான். பிளினி ஆறிப்போனது.

"நசுக்கலீங்க" என்றான் கடைசியில், தைஸியாவைப் பார்க்காமலே. "வேணும்னா நான் கொண்டுபோறேன். நல்லாப் பாத்துக்குவேன். செஞ்சு காட்டறேன்."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, சரியா?"

கேட்டிருக்கலாம். 'வேண்டாம்மா, இவ எனக்கு வேணும்' என்று ஒரு வரி. அது தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்கென்ன?" என்றாள் தைஸியா. "தாராளமா."

ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. பசியில் விட்டால் மயக்கம் போட்டுவிடும். தனித் தட்டில் பஞ்சு விரிப்பு போட்டால் அதிலேயே ஒன்றுக்குப் போய்க்கொள்ளும். வெளியே போனால் சட்டை. காதுப் பிளாஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம். ரிம்மா சொல்லச் சொல்ல அவன் சுண்ணாம்புக்கறை படிந்த நோட்டில் எழுதிக்கொண்டான். கிரெச்கா தொப்பிக்குள் ஏறிப் படுத்தது. தொப்பி கோட்டுக்குள் போனது. இளஞ்சிவப்புக் குல்லா தலையில் ஏறியது. கதவு சாத்திக்கொண்டது.

தைஸியா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ரிம்மா வெளியே நின்று அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை ஃபோன் வந்தது. அம்மா மாவு கையோடு இருந்ததால் தைஸியா எடுத்தாள்.

"சாப்பிடமாட்டேங்குது…" அந்தப் பக்கம் பரிதாபமான குரல்.

"தட்டுல வச்சீங்களா? கையில வச்சுக் குடுங்க. உங்க கை சூடு பட்டா சாப்பிடும்."

"நசுக்கிட்டா?"

அவள் உதட்டைக் கடித்தாள். "…நசுக்கமாட்டீங்க."

வெள்ளிக்கிழமை இரண்டு தரம் ஃபோன். முதல் தரம், பக்கத்து வீட்டில் ஓநாய் மாதிரி இருக்கிற பெரிய நாயைப் பார்த்து கிரெச்கா குரைத்ததில் அந்த நாய் வேலிக்குப் பின்னால் போய்விட்டது, இது சகஜமா?

"சகஜம். தான் சின்ன உருவம்னு அதுக்கு யாரும் சொன்னதில்ல."

"நானும் சொல்லமாட்டேன்" என்றான் அவன் பயபக்தியோடு. தைஸியா ஃபோனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தரம் குரல் மாறியிருந்தது. "நடுங்குது. அடுப்பை நல்லா எரியவிட்டிருக்கேன். கம்பளி சுத்தியிருக்கேன். அப்படியும் நடுங்குது. குளிரா?"

"குளிரில்ல" என்றாள் தைஸியா. "இந்த ஜாதிக்கு மனசுல ஏதாவது நிறைஞ்சா நடுங்கும். சந்தோஷம், பயம், ஏக்கம்… சொல்லத் தெரியாதில்ல? உடம்பு சொல்லிரும்."

அந்தப் பக்கம் அடுப்புக் கதவை மூடும் சத்தம் கேட்டது.

"மனுஷங்களுக்கு அப்படி வருமா?"

அவள் காது சூடானது. "நாய் விஷயம் மட்டும் கேளுங்க!" என்று படாரென்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு ஃபோன் வரவில்லை. ஒன்பதாம் எண்ணை நாள் முழுக்க ஓட்டினாள். நிறுத்தம் ஒவ்வொன்றிலும் கூட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பு தெரிகிறதா என்று கண் போனது. வீட்டுக்கு வந்து, "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு கூப்பிடணும்?" என்றாள் ரிம்மா.

"யாருமில்ல."

ஞாயிற்றுக்கிழமை. நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் "என்னை மன்னிச்சிருங்க" என்று கேட்கிற நாள். காலையிலிருந்து படிக்கட்டில் இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே போனார்கள். கீழ்வீட்டுக்காரர், போன வருடம் குரைச்சலுக்குப் புகார் கொடுத்ததற்காக மூன்று நாயிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே பனி கரைந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

மதியம் மணி அடித்தது.

தெம்யான்தான். தலையில் அதே குல்லா. கையில் தொப்பி, தொப்பிக்குள் கிரெச்கா. பிளாஸ்திரி இல்லை. இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன! தைஸியாவைக் கண்டதும் அது முனகி, முழு உடம்பையும் ஆட்டியது. அவள் கை தானாக நீண்டது. நிலைப்படி நினைவு வந்து பாதியில் நின்றது.

"உள்ள வாங்க."

"வரல" என்றான். "முதல்ல கேக்கவேண்டியதக் கேட்டுடறேன்." தொப்பியை முகத்துக்கு நேரே தூக்கினான். "கிரெச்கா… உன்னை எலினு சொன்னேன். மன்னிச்சிரு. நீ நாய்தான். எனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய நாய்."

கிரெச்கா அவன் மூக்கை நக்கியது. அவன் தைஸியாவின் பக்கம் திரும்பினான்.

"நல்லாச் சாப்பிடுது. விளையாடுது. ஆனா தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவுகிட்டப் போய் உக்காந்துக்குது. வண்டி முடிஞ்சு நீங்க வீட்டுக்கு வர்ற நேரம். நேத்து உங்க அம்மாகிட்டக் கேட்டேன். பத்தொன்பது நாள் கதையச் சொன்னாங்க." அவன் குரல் இறங்கியது. "புதன்கிழமை ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கைவச்சிருப்பேனா? உங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டேன். மன்னிச்சிருங்க. வாங்கிக்கங்க."

நேற்று ஃபோன் வந்திருக்கிறது! அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிச்சேன்" என்றாள் தைஸியா. எல்லோரும் சொல்கிற பதில்தான். "உங்க கையப் பத்திச் சொன்னேனே… அது பொய். பொறாமையில சொன்னேன். நீங்களும் மன்னிக்கணும்."

"மன்னிச்சேன்." அவன் நகரவில்லை.

"அப்ப உள்ள வந்து குடுத்துட்டுப் போங்க."

"உள்ள வந்தா போகமுடியாது." அவன் தரையைப் பார்த்தான். "புதன்கிழமையே போகமுடியல. காலு மட்டுந்தான் போச்சு."

தைஸியா தொப்பியைப் பார்த்தாள். தொப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. கிரெச்காவைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். குட்டி அசையாமல் சொகுசாகக் கிடந்தது. நடுங்கியது குட்டியில்லை… தொப்பியைப் பிடித்திருந்த அந்த இரண்டு பெரிய கைகள்.

"குளிருதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல" என்றான்.

மூன்று வருடமாக யாரிடமும் எதையும் கேட்காத தைஸியா, வீட்டுச் செருப்போடு நிலைப்படியைத் தாண்டி அவன் பக்கம் போய் நின்றாள். நடுங்குகிற கைகளைத் தொப்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேணும்" என்றாள். "இவ வேணும்… இவ தூங்கற தொப்பி வேணும்… தொப்பிக்காரனும் வேணும். தருவியா?"

'நீ' என்று வந்துவிட்டதை இரண்டு பேரும் கவனித்தார்கள். அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது.

"சண்டை வராதே?" என்றான்.

"ஆரம்பிச்சதே சண்டையிலதானே. இனி புதுசா என்ன வரப்போகுது?"

"கதவைச் சாத்துங்களேன்!" உள்ளேயிருந்து ரிம்மாவின் குரல். "குட்டிக்கு காத்து படுது! அப்படி என்ன அதிசயம் நடக்குது அங்க?"

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். சட்டப்படி நான்காவது நாய் அந்த வீட்டில் தங்க முடியாது. கிரெச்கா அடுப்புக்காரன் வீட்டிலேயே வளரட்டும், தினம் ஆறு மணிக்கு மேல் தைஸியா அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் ஆகவேண்டியது ஆகட்டும் என்று ரிம்மா ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தெம்யான் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பழக்கப்பட்ட பயத்தோடு அந்தச் சின்னச் செருப்பைத் தேடினான்.

ரிம்மா அலமாரியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்துப் போட்டாள். புதிது. பழுப்பு நிறக் கம்பளி. ஒவ்வொன்றும் ஒரு படகு.

தைஸியா வாயைப் பிளந்தாள். "அம்மா! இது எப்ப வாங்கினது?"

"வியாழக்கிழமை காலையில" என்றாள் ரிம்மா, அடுப்பைப் பார்த்துத் திரும்பியபடி. "ராத்திரி நீ குழாயத் திறந்துவிட்டு அழுதே பாரு, அதுக்கு மறுநாள்."

தெம்யான் ஒரு காலை நுழைத்தான். கச்சிதம். இன்னொரு காலைத் தூக்கினான்… தூக்கியபடியே நின்றுவிட்டான். அடுத்த செருப்புக்குள் கிரெச்கா போய்ச் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியிருந்தது.

ரிம்மா சுட்டு வைத்த பிளினி ஆறும்வரைக்கும் அவன் ஒற்றைக் காலில் நின்றான். விழாமலிருக்கத் தைஸியாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அவள் நகரவே இல்லை.